வாக்கியத்தை அமைப்பது யார்? ஆங்கில வகுப்பறையின் அன்றாடப் பழக்கங்கள் குறித்து

1. கேள்வி

தமிழ்நாட்டில் ஆங்கிலக் கல்வி பற்றிய விவாதம் பெரும்பாலும் கொள்கை மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. பயிற்றுமொழி எது, எந்த வகுப்பில் ஆங்கிலத்தைத் தொடங்குவது, பாடநூல் எளிதா கடினமா என்பவையே மேடைகளிலும் பத்திரிகைகளிலும் பேசப்படுகின்றன. 1968இல் இருமொழிக் கொள்கை சட்டமன்றத் தீர்மானமானது முதல், கடந்த பத்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவியது வரை இந்த விவாதம் ஓயவில்லை. அது தேவையான விவாதம்தான். ஆனால் ஒரு பாடவேளையில் ஆசிரியர் என்ன கேட்கிறார், கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறார், தவறான பதில் வந்தால் என்ன செய்கிறார், எப்போது தமிழுக்கு மாறுகிறார் என்பவை பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பயிற்றுமொழி எதுவானாலும் குழந்தை ஆங்கிலத்தைச் சந்திப்பது இந்தச் சின்னச் சின்னச் செயல்களின் வழியாகத்தான்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படித்துப் பத்தாம் வகுப்பில் தேர்ச்சியும் பெற்ற பிள்ளை, முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் ஊரைப் பற்றி மூன்று வாக்கியம் சொந்தமாகச் சொல்லத் திணறுகிறது. இதற்கு ஆசிரியரின் ஆங்கிலப் புலமைக் குறைவு, மாணவரின் வீட்டுச் சூழல், பாடநூலின் சுமை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. இக்கட்டுரை வேறொரு கேள்வியை முன்வைக்கிறது. வகுப்பறையில் ஒரு ஆங்கில வாக்கியத்தை அமைக்கும் வேலையைச் செய்வது யார்? ஆசிரியரா, பாடநூலா, கைடா, மாணவரா? ஒரு பழக்கம் நல்லதா கெட்டதா என்பதை இந்தக் கேள்வியைக் கொண்டே எடைபோட வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

2. முறைகள் வந்தன, போயின

இந்த மாநிலம் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளுக்குப் பெரியதொரு சோதனைக் களமாக இருந்திருக்கிறது. 1950களின் இறுதியில் தொடங்கிய இயக்கம் ஒன்றை ஆங்கிலக் கல்வி வரலாற்றில் 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று குறிப்பிடுவார்கள். தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பித்த 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிப்பது அதன் இலக்கு. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் வேறு சிலருக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு என உருண்டு பெருகும் ஏற்பாடு. கற்பிக்கப்பட்டது வாக்கிய அமைப்பு முறை. 'திஸ் இஸ் எ புக்', 'தட் இஸ் எ ட்ரீ' என்று படிப்படியாக வரிசைப்படுத்திய வாக்கிய வடிவங்களை வாய்மொழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குவது. இன்றும் ஒரு பேனாவைத் தூக்கிக் காட்டி 'வாட் இஸ் திஸ்?' என்று தொடங்கும் வகுப்பில் அந்தக் காலத்தின் சாயல் இருக்கிறது.

அடுத்தது 1979 முதல் 1984 வரை நடந்த பெங்களூர் திட்டம். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு அதை வழிநடத்தினார். பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் இலக்கணப் பாடத்திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏறுவது என்று முடிவெடுப்பது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது போன்ற பணிகள் கொடுக்கப்பட்டன. பொருளைத் தேடி மனம் உழைக்கும்போது மொழி தானே படியும் என்பது அடிப்படை எண்ணம். இன்று உலகெங்கும் பேசப்படும் பணிவழிக் கற்பித்தலின் முன்னோடிகளில் ஒன்று நம் பக்கத்துப் பள்ளிகளில் நடந்தது என்பது நம் ஆசிரியர் பலருக்குத் தெரியாது. 1985இல் பெரெட்டாவும் டேவிஸும் செய்த மதிப்பீடு திட்டத்துக்கு ஓரளவு சாதகமாகவே வந்தது. ஆனால் அதை நடத்தியவர்களில் பலர் திட்டத்தில் ஈடுபாட்டோடு சேர்ந்தவர்கள். வழக்கமான ஆசிரியர் கைக்கு அது போனபோது அதே அளவில் வேர்பிடிக்கவில்லை.

பிரபு 1990இல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே முக்கியமானது. மிகச் சிறந்த முறை என்று ஒன்று ஏன் இல்லை என்பதே அதன் கேள்வி. ஒரு முறை பலன் தருவதும் தராததும், அதைக் கையாளும் ஆசிரியருக்குத் தன் செயல் எப்படிக் கற்றலை உண்டாக்குகிறது என்ற உயிருள்ள நம்பிக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்றார் அவர். எந்திரமாகிப்போன கற்பித்தலே அவர் கண்ட எதிரி. முறையை மாற்றச் சொல்லும் சுற்றறிக்கை வகுப்பறைப் பழக்கத்தை ஏன் மாற்றுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

3. கேட்பதும் காத்திருப்பதும்

தமிழகப் பள்ளிகளை அறிந்த எவரும் கேட்டிருக்கக்கூடிய ஓர் உரையாடலை எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு. ஆசிரியர் பாடத்தில் ஒரு வரியை வாசிக்கிறார். 'தி ஓல்ட் மேன் வாஸ் வெரி டயர்ட். டயர்ட்னா என்ன? களைப்பா இருந்தார். ஹி வாஸ் வெரி...?' வகுப்பு முழுதும் 'டயர்ட்!' என்று முழங்குகிறது. 'ஸோ ஹி சாட் அண்டர் எ...?' 'ட்ரீ!' 'புரிஞ்சுதா?' 'புரிஞ்சுது மிஸ்!' சில வேளைகளில் ஒரு சொல்லே பாதியில் நிற்கும். ஆசிரியர் 'பியூட்டி' என்று குரலை உயர்த்தி நிறுத்துவார், பிள்ளைகள் 'ஃபுல்' என்று முடிப்பார்கள்.

வெளியே நின்று கேட்டால் சுறுசுறுப்பான வகுப்பு. கணக்கிட்டுப் பார்த்தால், வாக்கியத்தை அமைத்தவர் ஆசிரியர். பிள்ளைகள் தந்தது கடைசிச் சொல், அதிலும் சற்றுமுன் அவர் வாயிலிருந்து வந்த சொல்லே. கேள்வி, பதில், மதிப்பீடு என்ற மூன்றடி அமைப்பை சின்க்ளேரும் கூல்தார்டும் 1975இல் பிரிட்டிஷ் வகுப்பறைகளை வைத்து விவரித்தார்கள். ஹியூ மெஹான் 1979இல் அமெரிக்க வகுப்பறையில் அதையே கண்டார். அது உலகப் பொதுவானது. நம் வகுப்பில் நடு அடியான பதில் மட்டும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டிருக்கிறது.

இதை ஆசிரியரின் சோம்பல் என்று தள்ளிவிடுவது அநியாயம். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு பகுதியில் நிறவெறி ஆட்சிக் காலத்து வகுப்பு ஒன்றை ஆராய்ந்த கீத் சிக், 1996இல் வெளியான கட்டுரையில் இத்தகைய கோரஸ் பதில்களைப் 'பாதுகாப்புப் பேச்சு' என்று அழைத்தார். அங்கேயும் ஆசிரியர் குரலை உயர்த்தி நிறுத்த, வகுப்பு ஒரே குரலில் முடித்துவைத்தது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் பயிற்றுமொழியில் தடுமாற்றம் இருக்கும்போது, இருவரும் அவமானப்படாமல் பாடவேளையைக் கடத்த இந்த ஏற்பாடு உதவுகிறது என்றார் அவர். நம் வகுப்புகளுக்கும் இந்த விளக்கம் பெரும்பகுதி பொருந்தும். கூட்டுக் குரலில் எந்தப் பிள்ளையும் தனியாக மாட்டிக்கொள்ளாது. சொன்னது புரியவில்லை என்ற செய்தி ஆசிரியரை எட்டவும் எட்டாது. ஆகவே கோரஸை ஒழி என்று சொல்வதில் பயனில்லை. அது தந்த பாதுகாப்பை வேறு வழியில் தந்தாக வேண்டும்.

அந்த வழிகளில் முதலாவது காத்திருத்தல். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் நிற்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, மந்தமானவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்கள் வீட்டுமொழியில் பதில் சொன்னவர்கள் என்பதை மறக்கக் கூடாது. இரண்டாம் மொழியில் பதில் சொல்லும் பிள்ளை முதலில் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும், பிறகு பதிலை நினைக்க வேண்டும், அதற்குச் சொல் தேட வேண்டும், வினைச்சொல்லைத் தமிழ் வழக்கப்படி கடைசியில் வைக்காமல் நடுவே கொண்டுவர வேண்டும். மூன்று நொடி இதற்குப் போதாது. ஐந்து, ஏழு நொடி மௌனம் ஆசிரியருக்கு மிக நீளமாகத் தோன்றும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் அந்த இடைவெளியில் சலசலப்பு எழுந்துவிடுமோ என்ற அச்சமும் நியாயமானதே.

அதனால் அந்த நேரத்துக்கு ஒரு வேலை கொடுப்பது நல்லது. கேள்வியைச் சொல்லிவிட்டு, ரஃப் நோட்டில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லலாம். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டச் சொல்லலாம். அதன்பின் ஒருவரை எழுப்பினால் அவர் கையில் ஏற்கெனவே ஒரு வாக்கியம் இருக்கிறது, அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியும் ஆயிற்று. கோரஸ் தந்த பாதுகாப்பு இங்கேயும் இருக்கிறது, வாக்கியம் மட்டும் பிள்ளையுடையது. இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், பெயரைக் கேள்விக்குப் பின் சொல்வது. 'முருகன், வேர் டிட் தி ஓல்ட் மேன் சிட்?' என்றால் முருகனைத் தவிர மற்ற எல்லோரும் ஓய்வெடுப்பார்கள். கேள்வி முதலில், இடைவெளி அடுத்து, பெயர் கடைசியில் என்றால் எல்லோரும் யோசித்தாக வேண்டும்.

எதைக் கேட்பது என்பதும் இருக்கிறது. ஆசிரியருக்குப் பதில் தெரிந்தே கேட்கும் கேள்வி, தெரியாமல் கேட்கும் கேள்வி என்று லாங்கும் சேட்டோவும் 1983இல் பிரித்துக் காட்டினார்கள். வகுப்பறைகளில் முதல் வகையே மிகுதி என்பது அவர்கள் கண்டது. இரண்டாம் வகைக் கேள்விகளுக்கு மாணவர் பதில்கள் நீளமாக வந்தன என்று 1986இல் சிந்தியா பிராக் எழுதினார். 'கிழவர் எங்கே உட்கார்ந்தார்' என்பது தேவையான கேள்விதான், ஆனால் பதில் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. 'நீ களைத்துப்போனால் எங்கே போய் உட்காருவாய்' என்ற கேள்விக்குப் பதில் பிள்ளையிடம் மட்டுமே உள்ளது. கோயில் திண்ணை, பம்புசெட் தொட்டி, பாட்டி மடி என்று ஆளுக்கொன்று வரும். அவற்றைச் சொல்ல ஆங்கிலம் தேவைப்படும்போதுதான் ஆங்கிலத்துக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

4. பிழையை எதிர்கொள்வது

லிஸ்டரும் ரான்டாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி மேற்கோளாகிறது. கனடாவில் பிரெஞ்சு வழியாகப் படிக்கும் பிள்ளைகளின் வகுப்புகளில், ஆசிரியர்கள் பிழைக்குத் தந்த எதிர்வினைகளில் 55 விழுக்காடு, பிழையைச் சுட்டாமல் சரியான வடிவத்தைத் தாமே திருப்பிச் சொல்வதாக இருந்தது. மாணவர் அதைக் கவனித்து ஏதேனும் செய்தது அவற்றில் 31 விழுக்காட்டில் மட்டுமே. சரியான வடிவத்தை மாணவரே சொல்லும்படி நேரடியாகத் தூண்டிய எதிர்வினைகளோ ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பதில் முயற்சியை வரவழைத்தன.

இதை அப்படியே எடுத்து நம் வகுப்பில் பொருத்தக் கூடாது. 2006இல் லிஸ்டரும் மோரியும் அமெரிக்காவின் ஜப்பானிய மொழிவழி வகுப்புகளைக் கனடிய வகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். திரும்பச் சொல்லிப் பழகும் வழக்கமுள்ள ஜப்பானிய வகுப்புகளில் ஆசிரியர் திருத்திச் சொன்னதை மாணவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். இதிலிருந்து அவர்கள் வந்தடைந்த கருத்து ஆழமானது. ஒரு வகுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும் எதிர்வினையே கூடுதல் பலன் தரும். கனடியப் பிள்ளைகள் பொருளில் மூழ்கி வடிவத்தை மறந்தார்கள். நம் பிள்ளைகள் வடிவத்துக்கு அஞ்சியே வாய் திறப்பதில்லை. இங்கே முதலில் வேண்டியது, சொன்ன செய்திக்கான பதில். 'மை ஃபாதர் கோட் டைட்' என்று ஒரு பிள்ளை சொன்னால், ஆட்டுக்கும் அப்பாவுக்கும் நடுவே ஒரு குறி விடுபட்டது பிறகு இருக்கட்டும். அவர்கள் வீட்டு ஆடு செத்துப்போயிருக்கிறது. அதற்கு ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

பிழை என்பது கற்பவர் தமக்குள் கட்டிக்கொண்டிருக்கும் விதியின் சான்று என்று பிட் கார்டர் 1967இலேயே எழுதினார். ஒரு பிழையை உடனே திருத்தாவிட்டால் பதிந்துவிடும் என்ற அச்சம் பழைய வாய்மொழிப் பயிற்சிக் காலத்தின் எச்சம். பத்துமுறை இம்போசிஷன் எழுதவைப்பது அந்த அச்சத்தின் பிள்ளை. அதற்கு நான் எந்த நியாயமும் காணவில்லை.

5. தமிழுக்கு இடம் எங்கே?

1961இல் உகாண்டாவின் மகரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு நடந்தது. அங்கே உருவான சில எண்ணங்கள் பல நாடுகளில் விதிகளாகிவிட்டன. ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. ராபர்ட் பிலிப்சன் 1992இல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஆதாரமற்ற நம்பிக்கைகள் என்று வாதிட்டார். சுரேஷ் கனகராஜா 1990களில் யாழ்ப்பாணத்து ஆங்கில வகுப்புகளை ஆராய்ந்து காட்டியது இன்னும் நெருக்கமானது. போர்க்காலத்து அந்த வகுப்புகளில் ஆசிரியர்கள் தமிழுக்கு மாறியது இயலாமையால் மட்டும் அல்ல. அதட்டவும், தேற்றவும், கடினமான கருத்தை விளக்கவும், பிள்ளைகளோடு நெருங்கவும் அந்த மாற்றம் பயன்பட்டது. நம் வகுப்பு நடப்பும் இதுவே. ஆனால் பார்வையாளர் வந்தால் மட்டும் தமிழை நிறுத்திக்கொள்ளும் ஆசிரியர், தம் நல்ல பழக்கம் ஒன்றைக் குற்றமாக எண்ணப் பழகிவிட்டார்.

அதேவேளை, தமிழ் வரும் எல்லா இடமும் நல்ல இடம் அல்ல. ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ் என்று பாடம் முழுவதையும் ஆசிரியரே மொழிபெயர்த்துச் சொல்லும் வகுப்பில் பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்கவே தேவையில்லை. சில நொடி பொறுத்தால் தமிழ் வந்துவிடும் என்பது அதற்குத் தெரியும். தமிழ் இங்கே ஆங்கிலத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

தமிழ் ஆங்கிலத்துக்குப் படியாகும் இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 'ஹி டிட் நாட் வென்ட்' என்பது நம் பிள்ளைகளின் நிலையான பிழை. கரும்பலகையில் ஒரு பக்கம் 'அவன் போனான்' என்று எழுதி, 'இதையே இல்லை என்று சொல்' என்றால் எல்லோரும் 'அவன் போகவில்லை' என்பார்கள். 'போனானில்லை என்று ஏன் சொல்லவில்லை?' என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்: 'இல்லை' வந்ததும் 'போனான்' என்பதன் காலமும் விகுதியும் உதிர்ந்து 'போக' என்று மட்டும் நிற்கிறது. அடுத்த பக்கம் 'ஹி வென்ட்', 'ஹி டிட் நாட் கோ' என்று எழுதினால், 'வென்ட்' ஏன் 'கோ' ஆகிறது என்பதற்கு இலக்கண விதி தேவைப்படுவதில்லை. இரு மொழிகளும் எல்லா இடத்திலும் இப்படி ஒத்துப்போகா என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ஆனால் தனக்குத் தெரிந்த மொழியில் தான் அறியாமலே ஒரு விதியைக் கையாள்கிறோம் என்று கண்டுகொண்ட பிள்ளை, அடுத்த ஐந்து வாக்கியங்களைத் தானே எதிர்மறையாக்கும். பத்து நிமிடத்தில் பாதி தமிழில் நடந்தாலும், முடிவில் ஆங்கில வாக்கியம் பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது. தமிழை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் இதுவே: தமிழில் பேசி முடித்தபின் பிள்ளை ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னதா?

6. வாசிப்பு

பிள்ளைகளைக் கதைப் புத்தகம் படிக்க விடுவதற்கு நீண்ட வாதம் தேவையில்லை. பிஜித் தீவின் கிராமப்புறப் பள்ளிகளில் எல்லியும் மங்குபாயும் நடத்திய ஆய்வு 1983இல் வெளியானது. வகுப்புக்கு 250 எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்து, வழக்கமான ஆங்கிலப் பாடவேளையின் ஒரு பகுதியைப் படிப்பதற்கு ஒதுக்கினார்கள். எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் வழக்கமான வேகத்தைப்போல் இருமடங்கு வளர்ந்தது. நம் பள்ளிகளில் புத்தகங்கள் இருக்கும் பீரோ பெரும்பாலும் பூட்டியிருக்கிறது. கிழிந்துபோனால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற பயம் அதற்குக் காரணம். அந்தப் பயத்தை நீக்க வேண்டியவர் ஆசிரியர் அல்ல, இருப்புப் பதிவேட்டைத் தணிக்கை செய்பவர்.

7. பழக்கங்கள் ஏன் மாறுவதில்லை

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஆசிரியர்கள் ஏதோவொரு பயிற்சியில் கேட்டவையே. பிறகு ஏன் வகுப்புக்குள் வரவில்லை? பொதுத்தேர்வு முதல் காரணம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எழுத்துக்கே மதிப்பெண், பேச்சுக்கு இல்லை. 'மெல்லக் கற்போர்' என்று பெயர் சூட்டப்பட்ட பிள்ளைகளின் கையில் மினிமம் மெட்டீரியல் திணிக்கப்படுகிறது. மூன்று பாராகிராஃப், இரண்டு கடிதம், ஒரு விளம்பரம். யாரோ அமைத்த வாக்கியங்களை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெறலாம் என்னும்போது, ஏழு நொடி காத்திருக்கும் ஆசிரியர் நேரத்தை வீணாக்குபவராகத் தெரிகிறார். தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய தலைமை ஆசிரியரை மட்டும் இதில் குறை கூற முடியாது.

இரண்டாவது காரணம் பயிற்சியின் வடிவம். பனிப்பந்துக் காலம் தொட்டு இன்றைய வட்டார வள மையப் பயிற்சி வரை, மேலிருந்து கீழே படிப்படியாக இறக்கும் ஏற்பாடே தொடர்கிறது. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று உதிர்ந்து, கடைசி ஆசிரியருக்கு எட்டுவது சில செயல்பாடுகளின் பெயர்கள் மட்டுமே. பிரபு சொன்ன அந்த உயிருள்ள நம்பிக்கை அரங்கில் உட்கார்ந்து கேட்பதால் வருவதில்லை. தன் வகுப்பைத் தானே கேட்பதால் வரும். ஓர் ஆசிரியர் தம் செல்பேசியில் பத்து நிமிடப் பாடத்தைப் பதிவு செய்து, தனியாக உட்கார்ந்து மூன்றை மட்டும் எண்ணலாம்: கேள்விக்குப் பின் எத்தனை நொடி நின்றேன், எத்தனை பிள்ளைகளின் தனிக்குரல் கேட்கிறது, அவர்கள் சொன்னவற்றில் முழு வாக்கியம் எத்தனை. இதற்குப் பணம் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். ஒரே பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

பள்ளி ஆய்வுக்கு வரும் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகைப் பதிவேட்டையும் திருத்திய நோட்டுகளையும் கேட்டு வாங்குவதற்கு முன், ஆங்கில வகுப்பின் கடைசி பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பிள்ளையாவது கைடில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னதா என்பதை உங்கள் அறிக்கையில் எழுதுங்கள்.